லண்டன் வணிகரின் குடும்பத்தைத் தேட: உயிலில் தொடங்குங்கள், விதவையைத் தொடருங்கள்

வாசகர் ஒருவர் கேட்ட கேள்வியின் சாரம் இதுதான். 1640களில் லண்டனில் இறந்த ஒருவரின் பெயர் கிடைத்திருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் ‘வணிகர்’ என்று இருக்கிறது, வேறு விவரம் இல்லை. அவருடைய பெற்றோர், மனைவி, பிள்ளைகள் யார் என்று இணையத்தில் ஞானஸ்நானப் பதிவுகளைத் தேடினால் அதே பெயரில் நாற்பது குழந்தைகள் வருகிறார்கள். இதில் நம் ஆள் யார்?

ஞானஸ்நானத்தில் தொடங்கியதால்தான் இந்தச் சிக்கல். பிறப்பிலிருந்து முன்னோக்கிப் போகாமல், இறப்பிலிருந்து பின்னோக்கி வாருங்கள். முதலில் தேட வேண்டியது உயில். தேவாலயப் பதிவேடு ஒரு வரியில் முடிந்துவிடும்: தேதி, குழந்தையின் பெயர், தகப்பன் பெயர். பல பதிவேடுகளில் தாயின் பெயர்கூட இருக்காது. உயில் அப்படியல்ல. இறக்கப் போகிற மனிதர், இவள் என் மனைவி, இவன் என் அக்காள் மகன், இவர் என் மனைவியின் தம்பி என்று தன் வாயாலேயே சொல்லி வைத்த உறவுக் கணக்கு அது. பதிவேட்டில் இருக்கும் பெயர்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுத் தருவது உயில்தான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆணின் உயிலோடு நிற்காதீர்கள். அவருடைய விதவையின் உயிலைத் தேடுங்கள். அந்தக் காலத்தில் கணவன் உயிரோடு இருக்கும்போது, அவன் சம்மதமில்லாமல் மனைவி உயில் எழுத முடியாது. ஆனால் விதவை எழுதலாம், மணமாகாத பெண்ணும் எழுதலாம். ஆண் பெரும்பாலும் நிலம், கடன், சரக்கு, மூத்த மகன் என்று பெரிய கணக்கோடு முடித்துவிடுவார். விதவையோ வெள்ளிக் கிண்ணம் எந்தப் பேத்திக்கு, பட்டுப் பாவாடை எந்தத் தங்கைக்கு, படுக்கையும் திரைச்சீலையும் யாருக்கு என்று ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொரு பெயரோடு எழுதுவாள். மணமாகிப் போன மகள்களின் புது வீட்டுப் பெயர் அங்கேதான் அகப்படும்.

ஒரு உண்மையான குடும்பத்தை எடுத்துப் பார்ப்போம். தாமஸ் மன் என்ற லண்டன் வணிகர், கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். பொருளாதாரம் படித்தவர்களுக்கு ‘வணிகவாதம்’ என்ற பாடத்தில் இந்தப் பெயர் தெரிந்திருக்கும். ஆவணங்களில் அவர் வாழ்க்கை இப்படிக் கிடக்கிறது: 1571 ஜூன் 17 அன்று செயின்ட் ஆண்ட்ரூ ஹப்பர்ட் தேவாலயத்தில் ஞானஸ்நானம். தகப்பன் ஜான் மன், துணி வணிகர். 1612ல் செயின்ட் மேரி வுல்சர்ச் தேவாலயத்தில் உர்சுலா மால்காட் என்பவரோடு திருமணம். 1641 ஜூலை 21 அன்று செயின்ட் ஹெலன்ஸ் பிஷப்ஸ்கேட்டில் அடக்கம். அவர் எழுதி வைத்துவிட்டுப் போன நூலை மகன் ஜான் 1664ல் அச்சிட்டார்.

பார்த்தால் நேர்கோடு போலத்தான் இருக்கிறது. ஆனால் தகப்பன் ஜான் 1573லேயே இறந்துவிட்டார். அப்போது தாமஸுக்கு வயது இரண்டு. அடுத்த வருடமே தாய் மார்கரெட், தாமஸ் கோர்டெல் என்ற இன்னொரு துணி வணிகரை மணந்தார். இந்தக் கோர்டெல் பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் ஆனார். 1615ல் தாமஸ் மன்னும் அந்த இயக்குநர் குழுவுக்குள் வந்தார். ‘மன்’ என்ற பெயரை மட்டும் தேடுகிறவருக்கு 1573க்குப் பிறகு அந்த வீடு காணாமல் போய்விடும். தாய் எங்கே, பையனை வளர்த்தது யார், எந்தத் தொடர்பில் அவன் கம்பெனிக்குள் போனான் என்று ஒன்றுமே தெரியாது. தாயைத் தொடர்ந்து போனால் கோர்டெல் வீடு கிடைக்கிறது, அங்கே பதிலும் கிடைக்கிறது. இது விதிவிலக்கான கதை அல்ல. பணமுள்ள வணிகரின் விதவை ஓரிரு வருடத்துக்குள் மறுமணம் செய்வது அன்றைய லண்டனில் சாதாரணம். புதுக் கணவர் பெரும்பாலும் அதே தொழிலில் இருப்பவர். வணிகக் குடும்பங்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்த நூல் இந்தப் பெண்கள்தான்.

சரி, உயிலை எங்கே தேடுவது? அன்று உயில்களை உறுதிசெய்தது அரசு நீதிமன்றம் அல்ல, திருச்சபை நீதிமன்றம். அதிலும் பல படிகள் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டத்தில் சொத்து வைத்திருந்தவர்கள், கடலிலோ வெளிநாட்டிலோ இறந்தவர்கள் ஆகியோரின் உயில்கள் கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்துக்குப் போகும். வசதியான லண்டன் வணிகர் என்றால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். 1384 முதல் 1858 வரை அங்கே பதிவான பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உயில்கள் இப்போது லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெயர், ஊர், தொழில் கொடுத்து இணையத்தில் தேடலாம். சிறிய வணிகர் என்றால் லண்டனின் கீழ்நிலைத் திருச்சபை நீதிமன்றங்களைப் பார்க்க வேண்டும். 1653 முதல் 1660 வரை, மன்னராட்சி இல்லாத ஆலிவர் குரோம்வெல் காலத்தில், இந்த நீதிமன்றங்கள் மூடப்பட்டு, இங்கிலாந்து முழுவதற்கும் லண்டனில் ஒரே ஒரு அமைப்புதான் இருந்தது. அதனால் அந்த ஏழு வருடத்தில் எந்த மூலையில் இறந்தவருடைய உயிலும் ஒரே வரிசையில் கிடைக்கும்.

உயில் எழுதாமல் இறந்தவர்களும் உண்டு. அப்போது மனைவிக்கோ நெருங்கிய உறவுக்கோ சொத்தை நிர்வகிக்கும் உரிமை கொடுத்த ஒரு சிறு குறிப்பு மட்டும் இருக்கும். அதையும் விடாதீர்கள், மனைவியின் பெயர் அதில் கிடைத்துவிடும்.

இப்போது ஒரு உயிலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். திரையில் நீங்கள் காண்பது பெரும்பாலும் இறந்தவரின் கையெழுத்து அல்ல, நீதிமன்ற எழுத்தர் பெரிய புத்தகத்தில் எடுத்த நகல். பத்தி பிரிக்காமல், நிறுத்தக்குறி இல்லாமல் பக்கம் முழுக்க ஓடும். எழுத்து அக்காலத்து ‘செக்ரட்டரி’ பாணி: ஆங்கில எழுத்து ‘ஈ’ (e) திருப்பிப் போட்டது போல இருக்கும், ‘சி’ நம் கண்ணுக்கு ‘ஆர்’ மாதிரி தெரியும், ‘ஹெச்’சின் வால் வரிக்குக் கீழே இறங்கிச் சுழியும். பெரிய ‘எஃப்’ வேண்டிய இடத்தில் இரண்டு சிறிய ‘எஃப்’ சேர்ந்து நிற்கும். தொகைகள் பெரும்பாலும் ரோமன் எண்களில் இருக்கும். நான்கு என்றால் மூன்று சிறு கோடு, நான்காவது கோட்டுக்கு மட்டும் நீண்ட வால். முதல் பக்கத்தைப் படிக்க எனக்கு இரண்டு மாலைப் பொழுது ஆனது. ஐந்தாவது உயிலில் கண் பழகிவிட்டது. முதல் வரி பெரும்பாலும் ‘கடவுளின் பெயரால், ஆமென்’ என்றுதான் இருக்கும். தெரிந்த அந்த வரியை வைத்து எழுத்தருடைய ஒவ்வொரு எழுத்தையும் அடையாளம் கண்டு, ஒரு தாளில் உங்களுக்கான அரிச்சுவடி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் வரிசையாகப் பாருங்கள். முதலில் ஆன்மாவைக் கடவுளிடம் ஒப்படைப்பார். அடுத்து உடல்: ‘இன்ன தேவாலயத்தில், என் முதல் மனைவிக்குப் பக்கத்தில் புதையுங்கள்’ என்று சொன்னால், ஒரே வரியில் அவர் வாழ்ந்த பங்கும் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் பகுதி) இரண்டு திருமணமும் கிடைத்துவிட்டன. பிறகு ஏழைகளுக்குக் கொடை. இங்கே நிதானமாகப் படியுங்கள். லண்டன் வணிகர்களில் பெரும்பாலோர் வெளி மாவட்டங்களிலிருந்து பையனாக வந்து சேர்ந்தவர்கள். சாகும்போது பிறந்த ஊரை மறக்கவில்லை. ‘நான் பிறந்த இன்ன கிராமத்து ஏழைகளுக்கு ஐந்து பவுண்டு’ என்ற ஒரு வரி, எந்த ஊர்ப் பதிவேட்டில் அவருடைய ஞானஸ்நானத்தைத் தேட வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. நாற்பது குழந்தைகள் ஒன்றாகச் சுருங்குவது இந்த வரியில்தான்.

பிள்ளைகளுக்கு விட்டுச்சென்ற தொகையைப் பார்த்து அவசர முடிவுக்கு வராதீர்கள். மூத்த மகளுக்கு ஒரு மோதிரம் மட்டும், இளையவளுக்கு ஐந்நூறு பவுண்டு என்றால் மூத்தவள் மேல் கோபம் என்று அர்த்தமில்லை. அவளுக்குக் கல்யாணத்தின்போதே சேர வேண்டியது சேர்ந்துவிட்டது. நம் வீடுகளில் சீர் செய்து அனுப்பிய பெண்ணுக்குப் பிறகு பாகம் பிரிக்கும்போது என்ன சொல்வார்களோ, அதே கணக்குதான். உயிலில் பேரே இல்லாத மூத்த மகன் செத்துப்போனவன் என்றும் எழுதிவிடாதீர்கள். நிலம் முன்பே அவன் பெயருக்கு மாறியிருக்கலாம். அதோடு லண்டன் நகர உரிமை (நகருக்குள் தொழில் செய்யும் உரிமை) பெற்ற வணிகருக்கு ஒரு பழைய வழக்கம் இருந்தது: அசையும் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, ஒரு பங்கு பிள்ளைகளுக்கு, மீதி ஒரு பங்கை மட்டுமே அவர் விருப்பப்படி எழுதலாம். அதனால் சில உயில்களில் மனைவிக்கு ஒன்றுமே கொடுக்காதது போலத் தோன்றும். அவள் பங்கு வழக்கப்படியே வந்துவிடும் என்பதால் அதை எழுதத் தேவையே இருந்திருக்காது.

உறவுச் சொற்கள்தான் எல்லோரும் சறுக்குகிற இடம். அன்றைய ஆங்கிலத்தில் ‘கசின்’ என்றால் அண்ணன் மகனும் ஆகலாம், அக்காள் மகளும் ஆகலாம், பேரனும் ஆகலாம். ‘பிரதர்’ என்பது மனைவியின் தம்பியாகவோ தங்கையின் கணவராகவோ இருக்கலாம். ‘சன் இன் லா’ என்றால் மருமகன் மட்டுமல்ல, மனைவியின் முந்தைய கணவருக்குப் பிறந்த பையனும்தான். ‘ஃபாதர் இன் லா’ என்று ஒருவர் எழுதினால் அது மாமனாரா, தாயின் இரண்டாவது கணவரா என்று நிறுத்தி யோசிக்க வேண்டும். கோர்டெலைத் தாமஸ் மன் அப்படிக் குறிப்பிட்டிருந்தால், தெரியாதவர் அவருக்கு உர்சுலாவுக்கு முன்னால் கோர்டெல் வீட்டுப் பெண் ஒருத்தியை மனைவியாகக் கட்டிவைத்துவிடுவார். அக்காள் மகனையும் மகளின் கணவனையும் ‘மருமகன்’ என்ற ஒரே சொல்லால் அழைக்கிற நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும். ‘மூத்த ஜான்’, ‘இளைய ஜான்’ என்று பதிவேட்டில் இருந்தால் அவர்கள் தகப்பனும் மகனுமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள்.

உயிலின் கடைசியில் உறுதிசெய்த தேதி பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். லண்டனில் அடக்கத்துக்கும் இதற்கும் இடையே பெரும்பாலும் சில நாட்களோ சில வாரங்களோதான். ஆக, அந்தத் தேதிக்குச் சற்று முன்னால் அந்தப் பங்கின் அடக்கப் பதிவேட்டைத் திறந்தால் ஆள் அங்கே இருப்பார்.

இனி பதிவேடுகள். 1538ல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். முதலில் எழுதியது தாளில். 1598ல், பழைய பதிவுகளைத் தோல் ஏட்டில் நகலெடுங்கள், எலிசபெத் அரசியான 1558லிருந்தாவது எடுங்கள் என்றார்கள். பல ஊர்களில் பதிவேடு சரியாக 1558ல் தொடங்குவதன் காரணம் இதுதான், அதற்கு முன் அங்கே யாரும் பிறக்காததால் அல்ல. அதே ஏற்பாட்டில், வருடா வருடம் ஒரு நகலை ஆயருக்கு அனுப்பவும் வேண்டியிருந்தது. மூலம் அழிந்த ஊரில் இந்த நகல் உங்களைக் காப்பாற்றும். மூலம் இருந்தாலும் இரண்டையும் ஒப்பிடுங்கள், ஒன்றில் விட்ட பெயர் மற்றொன்றில் இருக்கும்.

தேதி விஷயத்தில் கவனம் வேண்டும். 1752க்கு முன் இங்கிலாந்தில் புது வருடம் பிறந்தது மார்ச் 25 அன்று. நமக்குச் சித்திரை ஒன்று போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சின் பெரும்பகுதி எல்லாம் முந்தைய வருடத்தின் வாலில் வரும். முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டிய நாளை நாம் 1649 ஜனவரி 30 என்கிறோம், அன்று எழுதியவர்கள் 1648 என்றுதான் எழுதினார்கள். ஒருவர் 1640 ஏப்ரலில் அடக்கமானார், அவர் மனைவி 1640 பிப்ரவரியில் மறுமணம் செய்தார் என்று பதிவேடு சொன்னால், கணவன் இருக்கும்போதே மணந்தாள் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பிப்ரவரி, ஏப்ரலுக்குப் பத்து மாதம் பின்னால் வருவது. உங்கள் குறிப்பில் எப்போதும் 1640/41 என்று இரண்டு வருடத்தையும் எழுதுங்கள். எத்தனையோ குடும்ப மரங்கள் கோணலாக நிற்பது இந்த ஒரு தவறால்தான்.

குழந்தைகளைத் தேடும்போது மனம் கனக்கும், முன்பே சொல்லிவிடுகிறேன். ஒரே தம்பதிக்கு இரண்டு தாமஸ், மூன்று தாமஸ் என்று ஞானஸ்நானம் வரும். முதல் குழந்தை இறந்ததும் அந்தப் பெயரையே அடுத்ததற்கு வைத்திருப்பார்கள். உயிலில் வருகிற தாமஸ் எந்தத் தாமஸ் என்று தெரிய, ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் எதிரே அடக்கப் பதிவைச் சரிபார்க்க வேண்டும். லண்டன் பதிவேட்டில் அடக்கம் இல்லையென்றால் குழந்தை பிழைத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. வசதியான வீட்டுக் கைக்குழந்தைகளை நகரத்துக்கு வெளியே கிராமத்துச் செவிலித்தாய்களிடம் பாலூட்டக் கொடுத்துவிடுவார்கள். அங்கே இறந்தால் அந்தக் கிராமப் பதிவேட்டில் ‘லண்டனிலிருந்து வந்த பால்குழந்தை’ என்று ஒரு வரி விழும். சில வரிகளில் தகப்பன் பெயர்கூட இருக்காது.

1640கள்தான் உங்களுக்குத் தேவைப்படும் காலம் என்பதால் இதையும் கேளுங்கள். 1642ல் உள்நாட்டுப் போர் வந்தது. பல ஊர்களில் பாதிரியார்கள் விரட்டப்பட்டார்கள், பதிவேடுகள் நின்றுபோயின. 1653ல் சட்டம் மாறி, திருமணம் நீதிபதி முன் நடந்தது, ஞானஸ்நானத்துக்குப் பதில் பிறந்த தேதியைக் குறித்தார்கள். இந்த இடைவெளியை உயில்களும் கில்டு (ஒரு தொழில் செய்பவர்களின் சங்கம்) ஆவணங்களும்தான் நிரப்பும்.

1666ன் பெருந்தீயில் எல்லாம் எரிந்திருக்குமே என்று பலர் கேட்பார்கள். 87 பங்குத் தேவாலயங்கள் எரிந்தது உண்மை. தாமஸ் மன்னின் மூன்று தேவாலயங்களில், ஞானஸ்நானம் நடந்ததும் கல்யாணம் நடந்ததும் அன்று எரிந்துபோயின, மறுபடி கட்டப்படவே இல்லை. அவர் அடக்கமான செயின்ட் ஹெலன்ஸ் மட்டும் இன்றும் நிற்கிறது. ஆனால் கட்டடம் போனாலும் ஏடு பிழைத்தது. தீ ஞாயிறு அதிகாலை தொடங்கிப் புதன்வரை நகர்ந்து நகர்ந்துதான் பரவியது, பல இடங்களில் ஏட்டை எடுத்துக்கொண்டு ஓட அவகாசம் இருந்தது. அதனால் ‘தேவாலயம் இல்லை’ என்றதும் தேடலை நிறுத்தாதீர்கள். அந்தப் பங்கு எதனோடு சேர்க்கப்பட்டது என்று பாருங்கள். செயின்ட் ஆண்ட்ரூ ஹப்பர்ட், செயின்ட் மேரி அட் ஹில்லோடு சேர்ந்தது. வுல்சர்ச், செயின்ட் மேரி வுல்நோத்தோடு சேர்ந்தது.

எந்தப் பங்கு என்றே தெரியவில்லை என்றால் 1638ன் பட்டியலைப் பாருங்கள். தேவாலய வரி வழக்கு ஒன்றுக்காக லண்டன் பங்குகள் பலவற்றில் வீட்டுக்காரர் பெயரையும் வாடகை மதிப்பையும் எழுதிக் கொடுத்தார்கள். 1640களில் இறந்தவர் அதில் அகப்பட நல்ல வாய்ப்பு உண்டு.

பிறந்த ஊரை உயில் சொல்லவில்லையா? கில்டுக்குப் போங்கள். அன்று லண்டனில் கடை வைக்க நகர உரிமை வேண்டும். அதற்குப் பெரும்பாலும் ஏழு வருடமோ அதற்கு மேலோ ஒரு முதலாளியிடம் பயிற்சியாளராக இருக்க வேண்டும். அந்த ஒப்பந்தப் பதிவில் பையனின் தகப்பன் பெயர், ஊர், மாவட்டம், தொழில், தகப்பன் இருக்கிறாரா இறந்துவிட்டாரா என்பதுவரை இருக்கும். பல கில்டுகளின் ஏடுகள் இணையத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கின்றன. ஒன்று மட்டும்: கில்டின் பெயரை வைத்துத் தொழிலை முடிவு செய்யாதீர்கள். துணி வணிகர் கில்டில் உரிமை பெற்றவர் மிளகு விற்கலாம், நகர வழக்கம் அதை அனுமதித்தது.

உங்கள் வணிகரின் பிள்ளைகளில் யாராவது கப்பல் ஏறியிருந்தால் தேடல் சென்னைக்கே வரலாம். புனித ஜார்ஜ் கோட்டையின் செயின்ட் மேரி தேவாலயம் 1680 அக்டோபர் 28 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. அதன் பதிவேட்டில் முதல் திருமணம் நவம்பர் 4: மணமகன் எலிஹு யேல், பின்னாளில் கோட்டையின் ஆளுநர். மணமகள் கேதரின் ஹின்மர்ஸ், கம்பெனி அதிகாரி ஜோசப் ஹின்மர்ஸின் விதவை. ஜோசப் இறந்தது அதே வருடம்தான். பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் கூர்நுனியோடு உயர்ந்து நிற்கும் கல்லறையைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஜோசப் ஹின்மர்ஸும், சிறு வயதில் இறந்த யேலின் மகன் டேவிட்டும் ஒன்றாக இருக்கிறார்கள். யேல் வீட்டுப் பிள்ளை ஏன் ஹின்மர்ஸ் கல்லறையில்? நடுவே கேதரின் இருக்கிறார். கல்லில் இருக்கும் இரண்டு குடும்பப் பெயர்களை மட்டும் பார்த்தால் விடை வராது. மார்கரெட் மன் கோர்டெலானதும் கேதரின் ஹின்மர்ஸ் யேலானதும் ஒரே மாதிரியான நிகழ்வு, நூறு வருட இடைவெளியில், இரண்டு கண்டங்களில். இங்கே இறந்த கம்பெனிக்காரர்களின் உயில்களில் பலவும் அந்தக் கேன்டர்பரி நீதிமன்றத்துக்கே போயின என்பதால் அதே இணையப் பட்டியலில் தேடலாம்.

இணையத்தில் யாரோ போட்டு வைத்த குடும்ப மரங்களையும் குலச்சின்னம் கொண்ட பழைய வம்சப் பட்டியல்களையும் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1633 முதல் 1635 வரை லண்டனில் அரச குலச்சின்ன அதிகாரிகள் குடும்பம் குடும்பமாக எழுதிய பட்டியல் பயனுள்ளதுதான். ஆனால் தாத்தாவைப் பற்றி அன்று பேரன் வாய்வழியாகச் சொன்னதைத்தான் அவர்கள் எழுதினார்கள். பதிவேட்டிலோ உயிலிலோ சரிபார்க்காமல் ஒரு பெயரைக்கூடச் சேர்க்காதீர்கள்.

இன்றைக்கே தொடங்குவதென்றால், தேசிய ஆவணக் காப்பகத்தின் தேடலில் அவர் குடும்பப் பெயரைப் போட்டு, 1640 முதல் 1670 வரை ‘விதவை’ என்று குறித்திருக்கும் உயில்களை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். பெயரின் எழுத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும், மன் என்ற பெயரையே அவர்கள் மூன்று நான்கு விதமாக எழுதினார்கள். கிடைத்த உயிலில் வாரிசுகளோடு நிறுத்தாமல், கீழே கையெழுத்திட்ட சாட்சிகள், மேற்பார்வைக்கு நியமித்தவர்கள் எல்லோருடைய பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளர்களில் ஒருவர் அவளுடைய அண்ணனாகவோ தம்பியாகவோ இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அப்படியிருந்தால் அவர் குடும்பப் பெயர்தான் அவள் பிறந்த வீட்டின் பெயர்.